பியானோவுக்குள் விட்ட மூச்சு

கோபக்காரிக்குக் குரல் போனால் அதைவிடப் பெரிய தண்டனை வேறு வேண்டாம். கிசுகிசுப்பில் எல்லாவற்றையும் சொல்லலாம். பசி என்று சொல்லலாம், தலைவலி என்று சொல்லலாம், ஊர்வம்புகூடப் பேசலாம். கோபத்தை மட்டும் சொல்ல முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு "இது என்ன வேலை?" என்று கேட்டால், எதிரே நிற்பவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து, தன் குரலையும் தாழ்த்தி, "என்ன சொன்னீங்க?" என்று பரிவாகக் கேட்பார். அந்தப் பரிவைக் கண்டதும் கோபம் இரண்டு மடங்காகும். அதைச் சொல்லவும் குரல் இருக்காது.

என் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது, எடுத்தார்கள். சத்திரசிகிச்சை நன்றாகத்தான் நடந்தது, குற்றம் சொல்ல ஆளில்லை. கட்டி நரம்போடு ஒட்டிப்போயிருந்ததால் குரல்நாண் இரண்டில் ஒன்று அசையாமல் நின்றுவிட்டது. மிஞ்சியது பாதி காற்று, பாதி சுரண்டல். "பேசப் பேசத்தான் சரிவரும், பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்" என்று டாக்டர் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து, பேசாமல் இருந்துவிட்டேன்.

கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருபத்திரண்டு வருடங்களாக நான் பாட்டு டீச்சர். பிள்ளைகள் சேர்ந்து பாடுகிற கொயர் என்னுடையது. பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடிக் காட்டுவேன், பிறகு போய்ப் பியானோவும் வாசிப்பேன். கழுத்தில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது பாடிக் காட்டுவதற்கு வேறொரு டீச்சரைப் போட்டிருந்தார்கள். எனக்குப் பியானோ மட்டும் மிஞ்சியது. அந்த டீச்சர் நல்ல பிள்ளை. அவர் நல்ல பிள்ளையாக இருந்ததுதான் எனக்குப் பெரிய கரைச்சல், மனசுக்குள் திட்டுவதற்குக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

பதினான்கு மாதம் அப்படியே போனது. ஒருநாள் பாடசாலை அதிபர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பேசினால் கல்வித் திணைக்களத்தின் சுற்றறிக்கையைப் படிப்பது மாதிரியே இருக்கும், ஆனால் மனம் கெட்டதில்லை. "நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை, டீச்சர். எனினும் இந்தத் தவணை முடிவதற்குள் ஒரு முடிவைத் தெரிவித்துவிடுங்கள். கொயரை நீங்கள் மீண்டும் பொறுப்பேற்கிறீர்களா, அல்லது புதிய டீச்சருக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடலாமா?"

வேண்டாம், அவருக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல நான் முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதைச் சொல்லவும் வாயைத் திறக்க வேண்டுமே. தினமும் அதிபரின் அறைக்கு முன்னால் நடந்து போவேன், கதவு திறந்திருக்கும், அவர் நிமிர்ந்து பார்ப்பார், நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். இப்படியே தவணையில் மூன்று வாரம் போய்விட்டது.

அந்த மாதங்களில் குரல் இல்லாமல் என்னென்ன நடக்கும் என்பதை நன்றாகப் படித்தேன். பஸ்ஸில் "பஹினவா" என்று, அதாவது இறங்குகிறேன் என்று, சிங்களத்தில் ஒரு சத்தம் கொடுத்தால்தான் இறக்கிவிடுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் வராததால் எத்தனையோ நாள் அடுத்த ஹோல்ட்டில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். டெலிபோனில் நான் "ஹலோ" சொன்னால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" என்றுவிட்டு வைத்துவிடுவார். மார்க்கட்டில் போஞ்சி என்ன விலை என்று கிசுகிசுத்தால், மரக்கறிக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு விலையைக் காதோடு காதாகச் சொல்வார். போஞ்சியில் அப்படி என்ன இரகசியம் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் என் கணவர் என் வாய் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். அவர் தபால் கந்தோரில் வேலை செய்பவர், பொறுமைசாலி. யாராவது "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்று என்னைக் கேட்டால், நான் மூச்சை இழுப்பதற்குள் "நல்லா இருக்காங்க, இப்ப பரவால்ல" என்று அவர் சொல்லி முடித்திருப்பார். அன்பில்தான் செய்கிறார் என்று தெரியும். தெரிந்தும் எரிச்சல் வரும். என்ன தேவையானாலும் ஒரு தாளில் எழுதி நீட்டுவேன், அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார், அதற்குள் எனக்குச் சொல்ல வந்த விஷயமே வேண்டாம் என்று ஆகிவிடும்.

இந்த நிலையில்தான் அவள் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பதுகூட இருக்காது. வெளிநாட்டில் போய் இசை எழுதப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து இருந்தாள். தான் எழுதிய பியானோ இசைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையேற்ற எங்கள் பாடசாலை மண்டபத்தைக் கேட்டு, அங்கிருக்கும் பெரிய பியானோவைப் பார்ப்பதற்காக வந்திருந்தாள். அன்று நான் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தேன். "ஒன்று, இரண்டு, தொடங்கு" என்று வாயால் சொல்ல முடியாததால் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டுச் செய்ய எனக்கென்று ஒரு முறையை வைத்திருந்தேன். நாக்கை அண்ணத்தில் தட்டினால் தாளம். மூச்சை வாயால் வெடுக்கென்று உள்ளே இழுத்தால் தொடங்கு. "ஸ்ஸ்" என்றால் மெதுவாக. தொண்டையில் ஒரு கரகரப்பு விட்டால் யாரோ பிழை விட்டதாக அர்த்தம், அதற்குப் பிள்ளைகள் நன்றாகப் பயப்படுவார்கள்.

பிள்ளைகள் போனதும் அவள் கிட்ட வந்தாள்.

"அக்கா, நீங்கள் பிள்ளையளுக்குக் காட்டின அந்தச் சத்தங்களைத்தான் நான் ஒரு வருசமாத் தேடுறன்."

கையிலிருந்த இசைத்தாள் கோவையைத் திறந்து காட்டினாள். பியானோ ஸ்வரங்கள் வழக்கம்போல இருந்தன. அவற்றுக்கு மேலே வேறொரு வரி ஓடியது, அதில் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளும் அம்புக் குறிகளும். பெருக்கல் என்றால் நாக்குத் தட்டு, உள்நோக்கிய அம்பு என்றால் மூச்சை இழு, வெளிநோக்கியது என்றால் விடு. வாசிப்பவர் கையால் வாசித்துக்கொண்டே வாயால் இதையெல்லாம் செய்ய வேண்டும். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை, வெறும் மூச்சும் முனகலும் கரகரப்பும்.

"கொழும்பிலை ஒருத்தர் வாசிக்கிறதா இருந்தவர். ஒத்திகையிலை சிரிச்சுப்போட்டு, இது தனக்குச் சரிவராதெண்டு போயிட்டார்" என்றாள்.

எனக்கு உச்சந்தலை சூடேறியது. நோயாளியின் தொண்டையைக் கேட்டுவிட்டு, இது என் இசைக்குத் தோது என்று கேட்க என்ன துணிச்சல்! மேசையில் கிடந்த ஒரு தாளை எடுத்து எழுதினேன்: "என் நோயை வைத்து உங்கள் இசைக்குப் பொட்டு வைக்கவா வந்தீர்கள்?"

அவள் படித்தாள். முகம் சிவந்தது, ஆனால் ஓடவில்லை.

"ஓம் அக்கா. அந்தச் சத்தத்துக்காகத்தான் கேக்கிறன். உங்களிலை இரக்கப்பட்டுக் கேக்கேல்லை. வேறை ஆரும் இப்பிடிச் சத்தம் போட மாட்டினம்."

பதினான்கு மாதமாக என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் எதையாவது தருவதற்கு வந்தவர்கள். தேன் தந்தார்கள், அதிமதுரம் தந்தார்கள், கோயில் தீர்த்தமும் தேவாலயத்து எண்ணெயும் தந்தார்கள். என்னிடம் ஏதோ இருக்கிறது, அதைத் தா என்று கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். கோவையை அவள் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் அம்பிட்டிய பஸ் ஏறிப் போவேன். அவளுடைய அறையில் ஒரு சுவர்ப் பியானோ இருந்தது, அதன் முன்பலகையைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தாள். தந்திகள் எல்லாம் வெளியே தெரியும். மழைக்காலத்து ஈரத்தில் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன மின்குமிழை எரியவிட்டிருந்தாள், எங்கள் பாடசாலைப் பியானோவுக்கும் அதே வைத்தியம்தான்.

முதல் மூன்று சனிக்கிழமையும் வீணாகப் போயின. கை வாசிக்கத் தொடங்கியதும் என் வாய் தானாகப் பூட்டிக்கொண்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கண்டி டவுனிலேயே மஹய்யாவயில் பிறந்தவள். என் அப்பா இதே பாடசாலையில் காவலாளி. காவலாளியின் மகளுக்கும் பியானோ சொல்லிக் கொடுத்தே தீருவேன் என்று ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டர் பிடிவாதமாக நின்றார். எனக்கு வாசிக்கும்போது முனகுகிற பழக்கம் இருந்தது. முனகுகிறேன் என்றே எனக்குத் தெரியாது. சிஸ்டர் அதை நிறுத்த, வாயில் ஒரு மிடறு தண்ணீரை வைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னார். தண்ணீரோடு முனகினால் என்ன ஆகும் என்று நானும் ஒருநாள் முயன்று பார்த்தேன், மூக்கு வழியாக வந்து வெள்ளைக் கட்டைகள் எல்லாம் நனைந்தன. அன்றிலிருந்து பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்தால் என் வாய் மூடிவிடும். முக்கி முனகி வாசிக்கிற பெரிய வித்துவான்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டால், இவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு சிஸ்டர் இல்லாமல் போய்விட்டாரே என்று நினைத்துக்கொள்வேன்.

"அக்கா, நீங்கள் மூச்சே விடுறியள் இல்லை. இப்பிடி வாசிச்சால் செத்துப்போவியள்" என்றாள் அவள்.

நான்காவது சனிக்கிழமை அவள் ஒரு யோசனை சொன்னாள். கையை எடுத்துவிடுங்கள், ஒன்றும் வாசிக்க வேண்டாம், மிதியை மட்டும் காலால் அழுத்திப் பிடியுங்கள், தந்திகளுக்குக் கிட்டக் குனிந்து உங்கள் தொண்டையில் என்ன வருகிறதோ அதை விடுங்கள் என்றாள். மிதியை அழுத்தினால் தந்திகளை அடக்கி வைத்திருக்கிற கம்பளித் துண்டுகள் எல்லாம் விலகும், எல்லாத் தந்தியும் சுதந்திரமாக நிற்கும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். குனிந்தேன். அவள் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பிள்ளைகளை அதட்டுகிற அந்தக் கரகரப்பை விட்டேன்.

தந்திகள் அதை வாங்கித் திருப்பித் தந்தன. என் கரகரப்பு நின்ற பிறகும் பியானோவுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. எந்தத் தந்தியையும் யாரும் தட்டவில்லை, என் மூச்சு பட்ட தந்திகள் எல்லாம் தம்பாட்டில் அதிர்ந்தன. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது என் சத்தம். பதினான்கு மாதத்தில் என் குரலைக் கேட்டுவிட்டு "ஐயோ பாவம்" என்று முகத்தை மாற்றாத முதல் ஆள் அந்தப் பியானோதான். நான் இன்னொரு தடவை விட்டேன். பிறகு இன்னொரு தடவை. கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்காக அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. பதினொரு நிமிட இசை அது. மெல்லிய மூச்சுகளில் தொடங்கும். நடுவில் நாக்குத் தட்டுகள். ஒன்பதாவது நிமிடத்தில் வாசிப்பவர் எழுந்து நின்று, மிதியிலிருந்து காலை எடுக்காமல், மூச்சை வாயால் இழுத்து இழுத்து விட வேண்டும், வரவர வேகமாக. கடைசியில் பியானோவுக்குள் குனிந்து தொண்டையைத் திறந்து விட வேண்டும். எல்லாவற்றையும் செய்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது மறுபடியும் ஹோல்ட்டைத் தாண்டித்தான் இறங்கினேன். தாளில் எழுதியிருக்கிற மூச்சு அவளுடையது, நான் அதை வாசித்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். "இறக்கம்" என்று நான் சொன்னால் அது என் பேச்சு. இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு மலை இருந்தது.

அவளுக்கு அது விளங்கவில்லை. நிகழ்ச்சிக்கு முந்திய சனிக்கிழமை, "அக்கா, தொடங்க முன்னம் நீங்களே சபைக்கு ரெண்டு வசனம் சொல்லுங்கோ. இது என்ன மாதிரியான இசை, ஏன் இப்பிடிச் சத்தம் எண்டு. உங்கடை குரலிலையே சொன்னால் நல்லாயிருக்கும்" என்றாள்.

முடியாது என்று தலையை ஆட்டினேன். அவள் கெஞ்சினாள். நான் கோவையை மூடிவிட்டு எழுந்து நின்றேன். இதற்குமேல் கேட்டால் வாசிக்கவே வரமாட்டேன் என்பது என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"சரி, சரி. நானே சொல்லுறன்" என்றாள்.

வீட்டிலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. "ஞாயிறு நாலு மணிக்கு மண்டபத்தில் பியானோ வாசிக்கிறேன், வாருங்கள்" என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக் கணவரிடம் நீட்டினேன். என்ன மாதிரி வாசிப்பு என்று விளக்க நாலு தாள் வேண்டும், எனக்கு அலுப்பாக இருந்தது.

ஞாயிறு காலையில் என் சின்னம்மா வந்து இறங்கினார். அம்மாவின் தங்கை. கலஹாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார், கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கண்டியில் சீனி வருத்தத்துக்குக் கிளினிக், அதனால் முதல்நாளே வந்து எங்கள் வீட்டில் தங்குவார். வீட்டில் தனியாக விட்டு வர முடியாது என்று கணவர் அவரையும் மண்டபத்துக்குக் கூட்டி வந்தார்.

சின்னம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுடைய தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா நடக்கும்போது யாருக்காவது அருள் வந்தால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள், சின்னம்மாவைக் கூப்பிடுவார்கள். அருள் வந்தவர் மூச்சு வாங்கி ஆடிக்கொண்டிருப்பார், சின்னம்மா நேரே போய் நெற்றியில் விபூதியைப் போட்டு, வந்திருப்பது யார், என்ன வேண்டும் என்று கேட்பார். பதில் வாங்காமல் விடமாட்டார். கேட்டதைச் செய்வோம் என்று கூடியிருக்கிற சனத்தில் ஒரு பெரிய ஆள் வாக்குக் கொடுக்க வேண்டும். அதன்பிறகுதான் சாமியை மலையேறச் சொல்வார். ஒருமுறை வந்த சாமி பதில் சொல்லாமல் உறுமிக்கொண்டே இருந்ததாம். "சும்மா உறுமிட்டுப் போறதுக்கு இது என்ன மாட்டுக் கொட்டிலா? விஷயத்த சொல்லு" என்று சின்னம்மா அதட்டியதைத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மனே ஆனாலும் சின்னம்மாவிடம் விலாசம் கொடுக்காமல் போக முடியாது.

மண்டபம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. முன்வரிசையில் அதிபர், இரண்டு மூன்று வெள்ளைக்காரர், சங்கீதம் படிப்பிக்கிற சிங்கள டீச்சர்மார். மூன்றாவது வரிசையில் என் கணவரும் வெள்ளைச் சேலையில் சின்னம்மாவும். இசை எழுதிய அம்பிட்டியப் பெண் மேடைக்கு வந்து பேசினாள். நான்கு நாளாகத் தூங்கவில்லை போல, பயத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிவிட்டு, சிங்களத்தில் ஒரு நன்றி சொல்லி இறங்கிவிட்டாள். தமிழில் சொல்ல மறந்துபோனாள். நான் அதைக் கவனித்தேன், ஒன்றும் நினைக்கவில்லை.

வாசிக்கத் தொடங்கினேன். முதல் மூச்சுக்கு எங்கோ இரண்டு பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். நாக்குத் தட்டியபோது யாரோ இருமினார். பிறகு சத்தம் அடங்கியது. உள்ளே பயம் இருந்தாலும் கை சரியாகப் போனது, வாயும் திறந்திருந்தது. இந்தச் சனங்களுக்கு முன்னால் என் தொண்டையிலிருந்து வருகிற ஓட்டைச் சத்தத்தை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, இது அவள் எழுதியது என்று சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாவது நிமிடம் வந்தது. மிதியை அழுத்தியபடி எழுந்து நின்றேன். எழுந்த வேகத்தில் கொண்டை ஊசி கழன்று கூந்தல் தோளில் சரிந்தது. மூச்சை இழுத்தேன், விட்டேன். இழுத்தேன், விட்டேன். வேகம் கூடியது. உடம்பும் அதோடு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது, அதைத் தாளில் எழுதியிருக்கவில்லை, தானாக வந்தது.

கடைக்கண்ணில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. சின்னம்மா எழுந்துவிட்டார். செருப்பைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே தள்ளினார். கணவர் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தார், பிடிபடவில்லை. சின்னம்மா நேரே நடந்து மேடைப் படியேறினார், ஏறும்போதே இடுப்பிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துவிட்டார். அம்பிட்டியப் பெண் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சபையில் ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் இதுவும் இசையில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள், முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் எதையோ அக்கறையாகக் குறித்துக்கொண்டார்.

சின்னம்மா என் நெற்றியில் விபூதியை அப்பினார். மிச்சத்தை என் தலையில் தூவினார். மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் கேட்டார்.

"யாரு வந்திருக்கிறது? சொல்லு தாயி. யாரா இருந்தாலும் சொல்லிட்டு மலையேறு."

எனக்கு வந்த கோபத்தில் பியானோவின் மூடியைப் படீரென்று அடித்து மூடியிருப்பேன். ஆறு வார உழைப்பு. அந்தப் பெண்ணின் ஒரு வருட எழுத்து. நிமிர்ந்து முறைத்தேன். சின்னம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு மாதமாக நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். சின்னம்மா தாழ்த்தவில்லை. கேட்டுவிட்டார், பதில் வரும், வருகிறவரை நிற்கலாம் என்பதுபோல நின்றார். இது என்ன வாசிப்பு என்று ஒரு வார்த்தை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். அது அந்த நிமிடத்தில் எனக்கு உறைத்தது, கோபம் யார்மேல் என்றே தெரியாமல் போய்விட்டது.

தலையை ஆட்டினால் போகமாட்டார். கை காட்டினாலும் போகமாட்டார். எழுதி நீட்ட என்னிடம் தாள் இல்லை, இருந்தாலும் சின்னம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது.

"நான்தான் சின்னம்மா" என்றேன்.

கால் இன்னும் மிதியில் இருந்தது. நான் சொன்னதைத் தந்திகள் வாங்கிக்கொண்டு மண்டபம் முழுக்க முனகின.

"நான்னா? நான்னு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? யாரு எவருன்னு சொல்லு."

"ஒங்க அக்கா மக."

"கேக்கல. இத்தன சனம் இருக்கு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு."

நான் மூச்சை இழுத்தேன். இது எந்தத் தாளிலும் இல்லாத மூச்சு. வயிற்றிலிருந்து தள்ளினேன்.

"ஒங்க அக்கா மக! மஹய்யாவக்காரி! பாட்டு டீச்சர்!"

குரல் மூன்று இடத்தில் உடைந்தது, ஒவ்வொரு உடைசலும் தந்திகளில் தனித்தனியாகக் கேட்டது. நான் படிப்பித்த பிள்ளைகள், என்னோடு படிப்பிக்கிற டீச்சர்மார், அதிபர், என் கணவர் எல்லாரும் கேட்டார்கள். வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தொண்டை எரிந்தது, அது மட்டும்தான்.

சின்னம்மா தலையை ஆட்டினார். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அடுத்ததற்குப் போனார்.

"சரி. ஒனக்கு என்ன வேணும்?"

வேண்டாம் என்று சொல்வதற்காக வாரக்கணக்காக அதிபரின் கதவுக்கு முன்னால் நடந்தவள் நான். யோசிக்க நேரம் கொடுத்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். சின்னம்மா சாமிகளுக்கே யோசிக்க நேரம் கொடுக்காதவர்.

"கொயர்" என்றேன். "என் கொயர் வேணும் சின்னம்மா. எனக்கு அது வேணும்."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. கூந்தல் கலைந்து, நெற்றியில் விபூதியோடு, அத்தனை சனத்துக்கு முன்னால் நின்று அழுதேன். அழுகையும் கரகரவென்றுதான் வந்தது, பியானோ அதையும் விடவில்லை.

கொயர் என்றால் என்னவென்று சின்னம்மாவுக்குத் தெரியாது. ஆடோ, சேலையோ, பொங்கலோ, எதுவானாலும் கேட்டது கேட்டதுதான். அவர் என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு சபையின் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்கல்ல? குடுப்பீங்களா? பெரியவுங்க யாராச்சும் வாக்குக் குடுங்க."

சிங்கள டீச்சர்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், வெள்ளைக்காரரின் பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு முன்வரிசையில் ஒரு கதிரை நகர்ந்தது. எழுந்து நின்றவர் அதிபர். இத்தனை வருடமாக அவர் எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனால் எங்கோ ஒரு தோட்டத்துக் கோயிலில், இப்படி ஒரு கூட்டத்தில் அவர் நின்றிருக்கிறார். அந்தக் கேள்விக்கு என்ன மொழியில் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"குடுத்துருவோம் தாயி. நாளைக்கே குடுத்துருவோம்."